வள்ளி திருமணத்துக்கு பபூன் வேண்டாம்னு சொன்னது நான்தான்



போன வருஷம் எங்க ஊர் பங்குனி உத்திரத் திருவிழாவில், வள்ளி திருமணம் நாடகத்துக்கு பபூனும் டான்ஸும் வேண்டாம் என்று சொன்னது நான்தான். இந்த வருஷத் திருவிழாவுக்கு மறுபடியும் ஊர்க்கூட்டம் போடப்போகிறார்கள். நான் சொன்னது சரியா, தப்பா என்று ஒரு வருஷமா மனசுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்து ஆட்களுக்கு இந்த நாடகத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மற்றவர்களுக்காகச் சுருக்கமாச் சொல்றேன். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய வள்ளி திருமணம் எங்க பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் இன்றைக்கும் விடிய விடிய நடக்கும். ஸ்பெஷல் நாடகம் என்பார்கள். ஒரே கம்பெனி கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருத்தரையும் தனித்தனியாப் பேசி வரவழைப்பார்கள். ஒத்திகை கிடையாது. பாட்டு பழைய பாட்டு, நடுவில் வருகிற பேச்சு அன்றைக்கு மேடையிலேயே பிறப்பது.

ராத்திரி பத்து மணிக்கு மேல் முதலில் பபூன் வருவார். அவர் பாட்டு, அவர் பேச்சு, அப்புறம் டான்ஸ் ஆட வருகிற பெண்ணோடு போட்டி. பேச்சில் பாதிக்கு மேல் இரட்டை அர்த்தம். சில நேரம் இரட்டை அர்த்தம்கூட இல்லை, ஒரே அர்த்தம்தான், அதுவும் அந்த அர்த்தம்தான். இதெல்லாம் முடிந்த பிறகுதான் முருகன், நாரதர், வள்ளி எல்லாம்.

போன வருஷம் என் ஆபீஸ் நண்பர்கள் மூன்று பேர் திருவிழா பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். கூட்டத்தில் நான் எழுந்து பேசினேன். "சாமி சன்னதிக்கு எதிர்ல, சின்னப் பசங்க உட்கார்ந்திருக்கிற இடத்துல இந்த ஆபாசம் தேவையா? எவனாவது வீடியோ எடுத்துப் போட்டா நம்ம ஊர் மானம் என்ன ஆகும்?" நன்கொடை கொஞ்சம் பெருசாக் கொடுத்திருந்தேன். அதனாலோ என்னவோ யாரும் எதிர்த்துப் பேசவில்லை. பபூனும் டான்ஸும் இல்லாமலேயே நாடகம் பேசி முடிவானது.

நாடகம் நடந்தது. பாடினவர்கள் நன்றாகத்தான் பாடினார்கள். ஆனால் பதினொன்றரை மணிக்கெல்லாம் கிழவிகள் ஒவ்வொருத்தராகப் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள். என் அப்பத்தாவும் எழுந்துவிட்டது. "என்னப்பத்தா, அதுக்குள்ள கிளம்பிட்ட?" என்று கேட்டேன்.

"கெழவன் வேசத்துல வந்து சாமி பொண்ணு கேக்குற கதைய்யா இது. இதுல சிரிக்கக் கூடாதுன்னா வேற எங்குட்டுப் போயிய்யா சிரிக்கிறது?"

அப்போ அதை நான் பெருசா எடுத்துக்கல. வயசானவங்க, பழக்கம், அவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன். ஊருக்குத் திரும்பி வரும் பஸ்ஸில்தான் அது உறுத்த ஆரம்பித்தது.

கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராணத்தில் வள்ளியம்மை திருமணப் படலத்தை ஒரு தடவை நிதானமாக நினைத்துப் பாருங்கள். தேவசேனாபதி, சூரனை வென்றவன், தினைப்புனத்துக்கு வேடனாக வருகிறான். ஆள் வரும் சத்தம் கேட்டதும் வேங்கை மரமாக நின்றுவிடுகிறான். அப்புறம் கிழவனாக வருகிறான். பசிக்குது என்கிறான். அவள் தேனும் தினைமாவும் கொடுக்கிறாள். தண்ணி வேணும் என்கிறான். சுனைக்குக் கூட்டிப் போகிறாள். பசியும் தாகமும் தீர்ந்த பிறகு, இன்னொரு ஆசை பாக்கி இருக்கு என்று கிழவன் ஆரம்பிக்கிறான். அவள் கோபித்துக்கொண்டு போகும்போது அண்ணன் பிள்ளையாரை யானையாக வரவழைத்துப் பயமுறுத்துகிறான்.

இது சாட்சாத் நகைச்சுவைக் கதை. அந்தக் கிழவன் கேட்கிற மூணாவது விஷயத்தை ஊர்ப் பபூன் நாலு விதமாக விரித்துப் பேசுவார், அவ்வளவுதான். விதை புராணத்திலேயே இருக்கிறது. நான் ஆபாசம் என்று வெட்டினதில் ஒரு பகுதி சாமி கதையேதான் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

அடுத்தது திருப்புகழ். நம்மில் நிறைய பேருக்கு ஒரு ரகசிய அனுபவம் இருக்கும், வெளியே சொல்ல மாட்டோம். பஜனையில் கேட்ட நாலு பாட்டின் ருசியில் முழுப் புத்தகத்தையும் திறப்போம். பத்துப் பாட்டு தாண்டினதும் முகம் சிவக்கும். எனக்கு அது மெட்ரோ ரயிலில் நடந்தது. பக்கத்தில் ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "திருப்புகழா தம்பி? ரொம்ப நல்லது" என்றார்கள். அந்தப் பக்கத்தில் இருந்ததோ ஒரு தாசியின் உடம்பை அங்கம் அங்கமாகச் சொல்லிக்கொண்டு போகும் பாட்டு. போனை மெதுவாத் திருப்பி வச்சுட்டேன்.

அருணகிரிநாதர் பாடியதில் இன்றைக்கு நமக்குக் கிடைத்திருப்பது சுமார் 1,300 பாடல்கள். ஏடு ஏடாகத் தேடி அவற்றைச் சேர்த்துப் பதிப்பித்தவர் வ.த. சுப்பிரமணிய பிள்ளை. அவர் மகன் வ.சு. செங்கல்வராய பிள்ளை உரை எழுதினார். அந்தப் பாடல்களில் பலவற்றில் முன்பாதி முழுக்க விலைமாதர் வீட்டு வாசல்தான். அவர்கள் கூப்பிடும் விதம், காசு இருக்கும்போது காட்டும் கொஞ்சல், காசு தீர்ந்ததும் வரும் கோபம், நடிப்பு, சாக்கு, மூடும் கதவு எல்லாம் அதில் இருக்கும். கூச்சத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் படித்தால் பல இடத்தில் சிரிப்பு வரும். பேரம் பேசும் காட்சியை அவ்வளவு கிட்டத்தில் பார்த்து எழுதியிருக்கிறார். முருகனின் மயிலாட்டத்தைச் சொல்வதும், அந்த வீட்டுக் கூத்தைச் சொல்வதும் ஒரே சந்தத்தில், ஒரே துள்ளலில்தான் போகும்.

பெரியவர் ஒருத்தரிடம் கேட்டேன். "அதெல்லாம் நம்மைத் திருத்தறதுக்காகப் பாடினதுப்பா" என்றார். சரிதான். ஆனால் அது பாதி பதில் என்று எனக்குத் தோன்றுகிறது. திருத்துவதற்கு மட்டும் என்றால் 'பெண்ணாசை கெட்டது' என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். அவர் ஏன் அந்த வீட்டுக்குள்ளேயே நம்மைக் கூட்டிப் போகிறார்?

என் சிற்றறிவுக்கு எட்டியது இது. அந்தப் பாட்டில் ஏமாந்து நிற்கிறவன் பாடுகிறவனே. காசைத் தொலைத்தவன் நான், பல்லிளித்துப் போனவன் நான், கதவு சாத்தினதும் தெருவில் நின்றவன் நான். வயசாகி, இருமி, கம்பு ஊன்றி, பல் போய், பிள்ளைகள் கேலி பண்ணும்படி ஆகப்போகிறவனும் நான். தன்னையே பபூனாக்கி மேடையில் நிறுத்திவிட்டு, சிரிப்பு அடங்கும் அந்த நொடியில் "முருகா" என்று கூப்பிடுகிறார். முன்பாதியை வெட்டிவிட்டுப் பின்பாதியை மட்டும் பாடினால் அந்தக் கூப்பாடு எங்கேயிருந்து வருகிறது என்றே தெரியாமல் போய்விடும். குழிக்குள் விழுந்தவன் கத்துவதற்கும், வராந்தாவில் உட்கார்ந்து கத்துவதற்கும் வித்தியாசம் இருக்கிறது இல்லையா?

காவடிச் சிந்தும் இப்படித்தான். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் 1865இல் பிறந்து 1891இல் மறைந்தவர். என்னைவிடச் சின்ன வயசு! கழுகுமலை முருகன்மேல் அவர் பாடிய சிந்தில் மலை வளம், கோயில் வளம் மட்டும் கிடையாது. முருகன்மேல் மையல் கொண்ட பெண்ணின் ஏக்கம், தோழியிடம் அவள் வெட்கத்தை விட்டுப் பேசும் பேச்சு எல்லாம் இருக்கிறது. விரதம் இருந்து காவடி தூக்கிப் போகிறவர்களின் வாயில் சிருங்காரம்! அந்தத் தாளத்தில் கால் தானாகத் துள்ளும். விரதமும் அந்த விளையாட்டும் ஒரே தோளில் போனது. யாரும் அதை முரண்பாடாக நினைக்கவில்லை.

அப்படியென்றால் நம்ம காலத்துக் கூச்சம் எங்கேயிருந்து வந்தது? இதற்கு ஒரு பதில் பதங்களின் கதையில் இருக்கிறது. வைத்தீஸ்வரன்கோயில் சுப்பராமய்யர் அந்தத் தலத்து முத்துக்குமாரசுவாமிமேல் தமிழில் பதங்கள் பாடினார். நம்ம செல்வமுத்துக்குமரன்தான் அவற்றில் நாயகன். வேறொருத்தி வீட்டுக்குப் போய்விட்டு வந்தவனை நாயகி குத்திக் காட்டுவாள், சக்களத்தியைக் கிண்டல் அடிப்பாள். சுவையான பாட்டுகள். அவற்றை உயிரோடு வைத்திருந்தவர்களில் முக்கியமானவர்கள் வீணை தனம்மாள் குடும்பத்துப் பெண்கள். பிருந்தாவும் முக்தாவும் பாடினார்கள், பாலசரசுவதி பாடிக்கொண்டே அபிநயம் பிடித்தார். போன நூற்றாண்டில் சதிர் பரதநாட்டியமாகி பெரிய மேடைக்கு வந்தபோது, இந்தச் சிருங்காரம் குடும்பப் பெண்களுக்குச் சரிப்படாது என்று ஒரு தரப்பு ஒதுக்கியது. சிருங்காரத்தில் அசிங்கம் எதுவும் இல்லை, அதுதான் இந்தக் கலையின் உயிர் என்று பாலசரசுவதி கடைசிவரை வாதாடினார்.

இதில் என்னை யோசிக்க வைத்தது இதுதான். அதே பாட்டு, அதே ராகம். ஒரு காலத்தில் அதைப் பாடினதற்காக ஒரு பெண்ணைத் தாசி என்று ஒதுக்கினார்கள். இன்னொரு காலத்தில் அதையே சபாவில் கேட்டுவிட்டு 'அடடா, பதம் பாடினா அவங்கதான் பாடணும்' என்று கை தட்டினார்கள். அப்போ அசிங்கம் பாட்டில் இல்லை. பாடுகிறவர் யார், எந்தத் தெரு என்று பார்த்துத்தான் மானம், மரியாதை என்ற சீட்டை நாம் ஒட்டுகிறோம்.

இங்கேதான் என் சின்ன வயசு ஞாபகம் ஒன்று வந்து நிற்கிறது. எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயசு இருக்கும். நாடகம் முடிந்த விடியற்காலை. டீக்கடை பெஞ்சில் ராத்திரி டான்ஸ் ஆடின அக்கா முகத்தில் பவுடர் இன்னும் அழியாமல், சால்வையைப் போர்த்திக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ராத்திரி முன்வரிசையில் உட்கார்ந்து விசிலடித்து, ஜாக்கெட்டில் பணம் குத்த மேடை ஏறின ஒருத்தர் வந்தார். பெஞ்சைப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார். "இதுங்க பக்கத்துல எல்லாம் எவன் உட்காருவான்" என்று அந்த அக்கா காதில் விழும்படியே சொல்லிவிட்டு நின்றபடி டீ குடித்தார். அந்த அக்கா ஒன்றும் சொல்லவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வேனுக்குப் போய்விட்டார்கள்.

ராத்திரி கேட்டதில் என்ன அர்த்தம் இருந்தது என்று அந்த வயசில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் காலையில் கேட்டது அசிங்கம் என்று நன்றாகப் புரிந்தது.

அதனால் நான் எல்லா ஆபாசப் பேச்சுக்கும் வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். எதிர்த்துப் பேசுகிறவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. என் தங்கை நாடகம் பார்க்க வரமாட்டாள். "உனக்குச் சிரிப்பு. அங்க உட்கார்ந்திருக்கிற எனக்கு எல்லாரும் என்னையே பார்க்கிற மாதிரி இருக்கும்" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதே மாதிரி, 2023இல் தமிழக அரசு குறவன் குறத்தி ஆட்டத்தைத் தடை செய்தது. அந்தப் பெயரில் மேடையில் நடக்கிற கொச்சை ஒரு சமூகத்தையே இழிவுபடுத்துகிறது என்பதுதான் காரணம். நம்ம வள்ளி யார்? குறமகள். அவளைத் தாயாராகக் கும்பிட்டுவிட்டு, அவள் குலத்துப் பெயரை வைத்து ஒருத்தியைக் கேவலமாக ஆட வைத்துச் சிரித்தால் அது எந்த வகை பக்தி? அந்தத் தடையைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது.

திருப்புகழிலேயேகூட எனக்கு ஒரு நெருடல் உண்டு, மறைக்க விரும்பவில்லை. அந்த வீட்டுப் பெண்கள் எதற்காகக் காசு கேட்டார்கள், அவர்களுக்கு வேறு வழி இருந்ததா என்று அந்தப் பாட்டுகள் கேட்பதில்லை. அவர் தன்னைத்தான் சிரித்துக்கொண்டார். ஆனால் நாம் படிக்கும்போது சிரிப்பைச் சுலபமாக அந்தப் பெண்கள்மேல் திருப்பிவிடுகிறோம். 'பெண்கள் மாயப் பிசாசு' என்று அதிலிருந்து ஸ்டேட்டஸ் போடுகிற தம்பிகளைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் 'நான்' என்கிற சொல்லை மட்டும் படிக்காமல் தாண்டிவிட்டார்கள்.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி 'இது ஆபாசமா, இல்லையா' என்பது இல்லை என்று இப்போது நினைக்கிறேன். இந்தச் சிரிப்பு யார் தலையில் விழுகிறது? சிரிக்க வைத்தவரை விடிந்த பிறகு நம்மால் மரியாதையாகப் பார்க்க முடியுமா? கிழவன் வேஷம் போட்ட சாமி தலையில் விழுந்தால் சாமி தாங்கிக்கொள்வார், அவரே எடுத்துக்கொண்ட வேஷம் அது. ஆசையில் அசடு வழிகிற நம்ம தலையில் விழுந்தால் நமக்கு நல்லது, கொஞ்சம் கர்வம் குறையும். திருப்பிப் பேச முடியாத ஒருத்தர் தலையில் விழுந்தால்தான் அது பாவம். அதற்கு இரட்டை அர்த்தம்கூடத் தேவையில்லை. சுத்தமான தமிழிலேயே அதைச் செய்யலாம். டீக்கடையில் அந்த ஆள் சொன்ன வாக்கியத்தில் ஒரு கெட்ட வார்த்தைகூடக் கிடையாது.

இந்தக் கேள்வியை என் பக்கம் திருப்பினால் தலை குனிகிறேன். நான் கூட்டத்தில் பேசியது முருகனுக்காக இல்லை. சின்னப் பசங்களுக்காகவும் இல்லை. என் தங்கைக்காகக்கூட இல்லை, அவளிடம் நான் பேசினதே அதற்கு அப்புறம்தான். ஆபீஸ் நண்பர்கள் முன்னாடி நான் பட்டிக்காட்டான் மாதிரித் தெரியக் கூடாது என்று பேசினேன். என் கௌரவத்துக்கு பக்தி என்று பெயர் வைத்துவிட்டேன். அதற்கு விலை கொடுத்தது யார்? ஒரு ராத்திரிச் சம்பளம் போன பபூனும், டான்ஸ் ஆட வரவேண்டிய அந்தப் பெண்ணும். அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது. மேடை ஏறிப் பணம் குத்துகிறவர்களை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள்.

இந்த வருஷக் கூட்டத்துக்கு முன்னாடி சித்தப்பாவுக்குப் போன் பண்ணினேன். பபூனும் டான்ஸும் மறுபடி வரட்டும் என்றேன். ஆனால் மேடைக்கு முன்னாடி கயிறு கட்டணும். பணம் குத்துறேன்னு எவனும் மேலே ஏறக் கூடாது. கொடுக்கிறவர்கள் தட்டில் போடட்டும். எந்தச் சாதியையும் ஊரையும் இழுத்து, கூட்டத்தில் இருக்கிற பொம்பளைப் பிள்ளைகளைக் காட்டி கேலி பேசக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடணும். மற்றபடி முருகனையும், கிழவனையும், ஊர்ப் பெரிய மனுஷனையும், என்னை மாதிரி மெட்ராஸிலிருந்து வந்து நியாயம் பேசுகிறவனையும் அவர் எவ்வளவு வேணும்னாலும் கிழிக்கட்டும். விடிந்த பிறகு நாடகக்காரர்கள் எல்லோருக்கும் நம்ம வீட்டுத் திண்ணையில், நம்மளோட ஒரே பந்தியில் இட்லி.

சித்தப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "போன வருசம் வேணாம்ன, இந்த வருசம் வேணும்ங்குற. நீ முதல்ல ஒரு முடிவுக்கு வாடா. கூட்டத்துல பேசிப் பார்ப்போம்" என்றார். இன்னும் எதுவும் முடிவாகவில்லை. கயிறு விஷயத்துக்குத்தான் எதிர்ப்பு அதிகம் வரும் என்று தோன்றுகிறது.

அப்பத்தாவிடம் சொன்னேன். "அப்ப பாயைத் தூசி தட்டி வைக்கிறேன்" என்றது. தங்கையிடமும் சொன்னேன். "கயிறு கட்டினா யோசிக்கிறேன்" என்றாள்.

கிழவனாக வந்து குறமகளிடம் அசட்டுச் சிரிப்புச் சிரித்த பெருமானே, எங்கள் கர்வத்தை நாங்களே பார்த்துச் சிரிக்கும் புத்தியைக் கொடு. எங்களைச் சிரிக்க வைத்தவர்களைக் காலையில் கும்பிடும் மனசையும் கொடு.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!
வள்ளி மணாளனுக்கு அரோகரா!